தோற்க வேண்டிய பாட்டு

புருஷன் ஜெயிக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றுகிற பெண்டாட்டிகள் ராயபுரத்தில் எத்தனையோ பேர் உண்டு. தோற்றுப்போக வேண்டும் என்று ஏற்றினவள் ஃப்ளோரா ஒருத்திதான். அறுபத்தெட்டாம் வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை தவறாமல் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு அதைத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் யாருக்கு வேண்டுதல் என்று விசாரித்தால், "எங்க வூட்டுக்காரருக்குத்தான்" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் பெயர் இக்னேஷியஸ். அந்தப் பெயரைப் பங்குச் சாமியார் மட்டும் சொல்லுவார். ஊருக்கு அவர் இன்னாசி. துறைமுகத்தில் கப்பலின் அடியறைக்குள் இறங்கிச் சரக்கு வாருகிற வேலை. ஆள் ஒல்லி, பேச்சு குறைவு, பிடிவாதம் மட்டும் ரெண்டு ஆளுக்கு உண்டு. பிள்ளை பிறந்து தங்கவில்லை. அவர்கள் வாழ்ந்த ஒற்றை அறை வீட்டில் கூட ஒருத்தர் குடியிருந்தது மாதிரி இருந்தது அவர் பாடின பாட்டு. அந்தப் பாட்டு வந்த கதையைச் சொல்லாமல் இன்னாசியைப் பற்றிச் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் இன்னாசி கப்பலில் கரி தள்ளுகிறவராக இருந்தார். கொதிகலன் பக்கத்தில் கை வெந்துபோய், தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை அங்கே பல தலைமுறையாகக் குடியிருந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் சோறு போட்டது. அவர்கள் வீட்டுக்கு எதிரே, துறைமுகக் கூலிகளான ஜூலு ஆட்களை அடைத்து வைத்திருந்த பெரிய கொட்டடி. வெள்ளைக்காரன் ஊரில் கறுப்பு மனுஷன் வேலை செய்யலாம், குடும்பத்தோடு இருக்க முடியாது. பெண்டாட்டி பிள்ளைகளை மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த அந்த ஆண்கள், சனிக்கிழமையானால் சட்டையை வெளுத்துப் போட்டுக்கொண்டு, கையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வரிசையாக நின்று பாடுவார்கள்.

மேளம் கிடையாது, பெட்டி கிடையாது. ஒருத்தன் முன்னால் வந்து மெல்லிய குரலில் கூப்பிடுவான். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் அடித்தொண்டையில் பதில் சொல்லுவார்கள். கால் மட்டும் ஆடும். அதுவும் குதிகால் தரையில் படாமல், பூனை நடக்கிற மாதிரி. காவல்காரன் காதில் விழக்கூடாது என்று பழகின கால் என்று சிலர் சொன்னார்களாம். அதற்கு அவர்கள் பாஷையில் இசிகாத்தமியா என்று பேர். இன்னாசி அதைச் சொன்னால் நம் ஆட்கள் வாய் வலிக்கிறது என்று சிரிப்பார்கள். பூனைப்பாட்டு என்று இவர்களே ஒரு பேர் வைத்துவிட்டார்கள்.

இன்னாசி ஊர் திரும்பி, துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஃப்ளோராவைக் கட்டி, கூட வேலை பார்த்த ஆட்களைப் பிடித்து உட்கார வைத்தார். முதலில் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. "இன்னா மாமு, எழவு வூட்ல வாய பொத்திக்கினு அழுவுற மாதிரி கீது" என்றான் சவரிநாதன். அப்படிச் சொன்ன சவரிநாதனுக்குத்தான் அந்தப் பாட்டு முதலில் வந்தது. மூட்டை தூக்கி மூட்டை தூக்கி அகலித்த நெஞ்சு அவனுக்கு. அதிலிருந்து கிளம்புகிற கீழ்க்குரல், சுவர் ஓரம் உட்கார்ந்தால் முதுகில் தெரியும்.

ஊர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் பெரிய வெள்ளி. பெரிய வியாழன் பூசையிலிருந்து உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு வரைக்கும் கோயிலில் மணி அடிக்காது, ஆர்மோனியம் வாசிக்காது. அந்த நாட்களில் மனுஷக் குரலுக்கு மட்டும்தான் அனுமதி. அது இன்னாசிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு வருஷம் சிலுவைப்பாதையின்போது கோயில் வாசலில் நின்று, ஆண்டவர் பட்ட பாடுகளைப் பழைய தமிழ் வரிகளில் வைத்து, அந்த ஜூலு நடையில் பாடினார்கள். கால் ஆடுகிறதே என்று பங்குச் சாமியார் முகம் சுளித்தார். ஆனால் வாசலில் நின்ற பெண்கள் அழுத அழுகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் சாவு விழுந்த வீடுகளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கிறிஸ்தவ வேதக்காரர் வீடு, பிறகு எல்லார் வீடும். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற சவ ஊர்வலத்தில்கூடப் பறையை ஒரு தெரு நிறுத்திவிட்டு இவர்களைப் பாடச் சொன்னார்கள். குழுவில் ரெண்டு வருஷம் பாடின வால்டர் என்கிற பையன் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத் திருவொற்றியூர் போனான். அங்கே ஒரு குழு உண்டாயிற்று. எண்ணூரை ஒட்டின கத்திவாக்கத்தில் வலை இழுக்கிறவர்கள் கூப்பிடுவதும் பதில் சொல்வதும் அந்த மாதிரி ஆயிற்று. கடைசியில், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கள் பாட்டன் காலத்துப் பாட்டு என்று சத்தியம் பண்ணுகிற ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். டர்பன் கொட்டடியில் பெண்டாட்டியை நினைத்துப் பாடினவனுக்கு எண்ணூரில் ஒரு மீன்காரன் பதில் சொல்லுகிறான் என்பதை அந்த மனுஷன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

ஃப்ளோராவுக்கு முதலில் அந்தப் பாட்டின்மேல் பொறாமைதான். விடியற்காலையில் கண் விழித்தால் அறை நடுவில் குதிகாலைத் தூக்கி நடந்துகொண்டிருப்பார். போகப்போக அந்தக் குரலுக்காகவே அவர்மேல் ஆசை வைத்தாள். முரட்டுக் கையும் காய்ந்த முகமும் உள்ள மனுஷனிடமிருந்து அப்படி ஒரு மெல்லிசான குரல் வருமா என்று அவளுக்கு ஆச்சரியம் தீரவே இல்லை.

எண்ணூர்ப் பக்கம் உரத் தொழிற்சாலை வந்ததும், துறைமுகத்துக்குக் கந்தகமும் பாஸ்பேட் மண்ணும் கப்பல் கப்பலாக வந்தன. அடியறைக்குள் இறங்கி அதை வாருகிறவர்கள் வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுவார்கள். துணி எந்த மூலைக்கு? ரெண்டு மழைக்காலம் போவதற்குள் இன்னாசிக்கு இருமல் வந்தது. பிறகு சளியில் ரத்தக் கோடு வந்தது. ஃப்ளோரா அழுது அடம்பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அடியறை வேலையை இன்றைக்கே விட வேண்டும், தாம்பரம் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், பாட்டு கீட்டு எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும், அப்படிச் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்.

 வீட்டுக்கு வந்ததும் இன்னாசி சொன்னார்:

"படத்துல ஏதோ கறுப்பா கீதுன்றாரு. என் நெஞ்சு என் குரல்ல கீது ஃப்ளோரா. குரலு போச்சின்னா நெஞ்சு போச்சின்னு ஒத்துக்கறேன். நீயும் சவரியும் நல்லாக்கீதுன்னுதான் சொல்லுவீங்க. என்னைத் தெரியாத ஒருத்தன் கேட்டுச் சொல்லட்டும்."

அது டர்பன் வழக்கம். அங்கே போட்டி நடந்தால் தீர்ப்புச் சொல்லுகிறவன் எந்தக் குழுவையும் தெரியாதவனாக இருக்க வேண்டும். போட்டி நேரத்தில் தெருவில் போகிற எவனையாவது பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைப்பார்களாம். பாஷைகூடத் தெரியாத ஆளாக இருந்தால் ரொம்ப விசேஷம். உறவு, பயம், இரக்கம் எதுவும் அவனுக்கு இருக்காது. அந்த மாதிரி ஒரு தீர்ப்பு வேண்டும் என்றார் இன்னாசி. பாஸ்கு முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்டர் குழுவோடு போட்டி. தோற்றால் மறுநாளே தாம்பரம். ஜெயித்தால் வேலைக்குப் போவதை அவள் தடுக்கக் கூடாது. மாதா மேல் சத்தியம் பண்ணினார். இதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ரத்தம் துப்புகிறவன் என்று தெரிந்தால் வால்டர் விட்டுக்கொடுத்துவிடுவான், சவரி அழுதே காரியத்தைக் கெடுப்பான் என்பது அவர் கணக்கு.

கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஃப்ளோராவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் முரண்டு பிடிக்கிற மனுஷன் தாம்பரம் போகிறதற்கு அவள் கண்ணுக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நல்ல கூட்டம். காலடி கேட்க வேண்டும் என்பதற்காகக் கப்பலில் சரக்குக்கு அடியில் போடுகிற பலகைகளைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். தீர்ப்புக்கு ஆள் பிடித்து வரச் சவரிநாதன் போனான். கொஞ்ச நேரத்தில், தூத்துக்குடி ரயிலில் அன்று காலையில்தான் வந்து இறங்கி, மாமன் வைத்திருந்த மொத்த மளிகைக் கடையில் சேர்ந்திருந்த அய்யாத்துரை என்கிற இளவட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு மெட்ராஸ் பேச்சே பாதிதான் புரிந்தது. இன்னாசிக்குப் பரம திருப்தி.

வால்டர் குழு முதலில் பாடியது. இளசுகள், மூச்சு நிறைய இருந்தது. பலகையில் பத்துப் பேர் கால் ஒரே காலாக விழுந்தது. ஃப்ளோராவுக்கு அந்த நேரத்தில் வால்டரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு இன்னாசி கறுப்புக் கோட்டும், வெளுத்த கையுறையுமாக முன்னால் வந்து கூப்பிட்டார். முதல் அடி சரியாக வந்தது. ரெண்டாவது அடியில் மேலே எடுக்கும்போது குரல் உடைந்தது. பிசிறு இல்லை, தெளிவாக ஒரு ஓடு முறிகிற சத்தம். சவரிநாதன் தன் கீழ்க்குரலைக் கொண்டுபோய் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தான். இன்னொரு தடவையும் உடைந்தது. இன்னாசி கையை வாயில் வைத்து இருமலை விழுங்கிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்.  அந்தக் குரலைக் கேட்கக் கேட்க ஃப்ளோராவுக்குப் பயமாக இருந்தது, அதே நேரத்தில் மாதாவே, கேட்டுவிட்டாயே என்று சந்தோஷமாகவும் இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. தாம்பரத்துக்கு அவர் துணிமணியை மூட்டை கட்டுகிறவரைக்கும் அவள் மனசு போய்விட்டது.

அய்யாத்துரை எழுந்தான். தலையைச் சொறிந்தான். சவரிநாதனைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி இன்னாசியைக் காட்டினான்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் கை தட்டினது வால்டர்தான். அவன் நல்ல பையன். பிறகு மைதானமே தட்டியது. குரல் உடைந்ததை எல்லாருடைய காதும் கேட்டது, எல்லாருடைய கையும் வேறு சொன்னது. ஒரு மனுஷனைக் கைதட்டியே சாகடிக்க முடியும் என்று அன்றைக்கு ராயபுரத்துக்குத் தெரியவில்லை. சவரிநாதன் இன்னாசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான்.

திங்கட்கிழமை இன்னாசி துணியை வாயில் கட்டிக்கொண்டு அடியறைக்குள் இறங்கினார். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஃப்ளோரா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். மாதாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

மூன்று வருஷத்தில் உடம்பு பாயோடு ஒட்டிக்கொண்டது. பாட்டு அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. தாம்பரத்தில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, இப்போது அங்கே கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய் என்று அதே டாக்டர் கேட்டார். ஷிப்டு முடிந்ததும் தினமும் சவரிநாதன் வந்துவிடுவான். தூக்கி உட்கார வைப்பான், உடம்பு துடைப்பான், எச்சில் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பான். கூடப்பிறந்தவன்கூட அவ்வளவு செய்யமாட்டான். "நீ போய் நாலு வாய் துன்னு தங்கச்சி, நான் பாத்துக்கறேன்" என்பான்.

ஒரு நாள் ஃப்ளோரா கஞ்சிக்கு நொய் வாங்க மளிகைக் கடைக்குப் போனாள். மாமன் ஊருக்குப் போயிருந்ததால் அய்யாத்துரை கல்லாவில் இருந்தான். மெட்ராஸ் தண்ணீரில் நன்றாகச் சதை போட்டிருந்தான்.

"யக்கா, அண்ணாச்சிக்கு மேலுக்கு எப்படி இருக்கு? அன்னைக்கு அவுகளுக்குத்தான் நான் தீர்ப்புச் சொன்னேன், நெனவிருக்கா?"

"இருக்கு" என்றாள் ஃப்ளோரா.

அவன் சிரித்தான். சூது தெரியாத சிரிப்பு.

"நான் என்னத்தக் கண்டேன்! வார வழியிலயே உங்க ஆளு, அந்தப் பெரிய நெஞ்சுக்காரர் இருக்காருல்லா, அவர் சொல்லிட்டாரு. முன்னால நிக்கிற கறுப்புக் கோட்டுக்காரருக்குக் குடுத்துரு தம்பி, அந்த மனுசனுக்கு வேற ஒண்ணும் கெடையாதுன்னு. சரி, நம்மளால ஒரு சந்தோசம்னு நெனச்சேன். நெசத்தச் சொன்னா, மத்தவுகதான் பாட்ட நல்லாப் படிச்சாவ."

நொய்யை வாங்கிக்கொண்டாளா, கடையிலேயே வைத்துவிட்டாளா என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. தெரு முழுக்க அவள் வாயில் சவரிநாதனுக்கு வசவுதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிற கதை ஊரில் நடக்காததில்லை. ஆனால் இவன் பிடித்தது எமனை அல்லவா! அவனிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்குமே, சத்தியமாவது மண்ணாவது என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

வீட்டில் சவரிநாதன் இன்னாசியை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு சுடுதண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தான்.  அவன் கிளம்பிப் போகிறவரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பாய் ஓரமாக உட்கார்ந்தாள்.

"உன் தோஸ்து இன்னா பண்ணிக்கிறான் தெரியுமாயா? அன்னிக்கி தீர்ப்புச் சொன்னவன்கிட்ட உனக்குக் குடுக்கச் சொல்லி அவன்தான் சொல்லிக்கிறான். நீ ஜெயிக்கல. வால்டருதான் ஜெயிச்சான்."

இன்னாசி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அதிர்ச்சி ஒன்றும் தெரியவில்லை.

"சவரிதானா? எவன்னு தெரியாம இருந்திச்சி."

"இன்னாயா சொல்ற?"

"நான் தோத்தது எனக்குத் தெரியும் ஃப்ளோரா. பாடுறவனுக்குத் தெரியாதா? மேல எடுக்கச்சொல்லோ குரலு ரெண்டு தபா ஒடைஞ்சிச்சி. மொத ஆளா என் காதுலதான் வுயுந்துச்சி."



"அப்ப இன்னாத்துக்குயா மறாநாளு வேலைக்கிப் போனே? மாதா மேல சத்தியம் பண்ணிக்கினு இன்னாத்துக்குப் போனே?"

 அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"அவன் என்னைக் காட்டுனான். அத்தினி பேரு கை தட்டுனாங்க. அத்த வுட்டுட்டுத் தாம்பரம் போய்ப் படுக்க மனசு வரலை. இன்னும் கொஞ்ச நாளு ஜெயிச்ச ஆளா இருந்துக்கலாம்னு ஆசையா இருந்திச்சி. அவ்ளோதான்."

"நான் இருந்தேனேயா" என்றாள் ஃப்ளோரா. "ஜனம் ஒரு சாயங்காலம் கை தட்டிட்டு வூட்டுக்குப் பூட்ச்சி. நான் உங்கூடவே இருந்தேனே. எனக்காகத் தோத்துருக்கக் கூடாதா?"

இன்னாசி அவள் கையைத் தேடிப் பிடித்தார். கையில் சூடு மட்டும்தான் இருந்தது, பிடி இல்லை.

"சவரிக்கிட்ட சொல்லாத" என்றார். "அவன் தாங்கமாட்டான்."

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. மன்னிக்கவும் இல்லை. அந்த வாரக் கடைசியில், சவரிநாதன் துறைமுகத்திலிருந்து வந்து சேருவதற்கு முன்னால், இன்னாசி போய்விட்டார்.

கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் பாடினார்கள். திருவொற்றியூரிலிருந்து வால்டர் ஆட்கள், கத்திவாக்கத்து வலைக்காரர்கள், பேர் தெரியாத பலர். யார் யாரிடம் கற்றுக்கொண்டார்களோ, எல்லாரும் குதிகாலைத் தூக்கி நடந்தார்கள். கோயில் திருவிழா மாதிரி சனம் என்று ஊரே பேசியது. ஃப்ளோராவுக்கு ஒரு வரிகூடக் காதில் நுழையவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, சவரிநாதன் வாசற்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தான். அழுது அழுது அந்தப் பெரிய நெஞ்சு வற்றிப்போயிருந்தது. அவளை நிமிர்ந்து பார்த்து, தன்னையே தேற்றிக்கொள்ளுகிறவன் மாதிரிச் சொன்னான்:

"கடைசி வரிக்கும் ஜெயிச்ச ஆளாவே பூட்டாரு தங்கச்சி. அது ஒண்ணு போதும்."

 அந்தச் சத்தியத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அவனும் அவளைப்போலச் சாகிறவரைக்கும் தூங்கமாட்டான். ஃப்ளோரா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புருஷன் செத்து அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.